கிளியைத் திறந்துவிட்டது யார்?

கிளி உயிரோடு இருந்தது. அதுதான் பிரச்சினை.

காலை ஒன்பதரை மணி. பைண்டிங் முடிந்து அப்போதுதான் வந்திறங்கிய புத்தகக் கட்டுகள் பதிப்பகத்தின் முன்னறையில் சுவரோரமாக அடுக்கியிருந்தன. பசை வாசனை இன்னும் போகவில்லை. எழுத்தாளர் முதல் கட்டைத் தன் கையாலேயே பிரித்தார். அவருக்கு இது முதல் நாவல். ஒரு பிரதியை எடுத்து அட்டையைத் தடவினார், முகர்ந்து பார்த்தார், பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது நான் எழுதினது இல்ல."

எல்லோருக்கும் தெரிந்த பழைய கதைதான். ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கோபுரம், கோபுரத்தில் ஒரு கூண்டு, கூண்டில் ஒரு கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். யாரோ ஒரு ராஜகுமாரன் வந்து கிளியின் கழுத்தைத் திருகுவான். எழுத்தாளர் அதை இளம் வாசகர்களுக்காகப் புதிதாகச் சொல்லியிருந்தார். இந்தக் கதையில் ராஜகுமாரன் வருவதே இல்லை. கதையைச் சொல்கிறவள், அந்தக் கோபுர அறையிலேயே பிறந்து, கிளிக்குத் தீனி போட்டே பதினாறு வயதான ஒரு பெண். கடைசிப் பக்கத்தில், தான் வளர்த்த கிளியைத் தானே கொன்றுவிட்டு அவள் படியிறங்கிப் போகிறாள்.

அச்சாகி வந்த கடைசிப் பக்கமோ இப்படி முடிந்தது:

'கூண்டைத் திறந்தேன். குடத்திலிருந்து சரியும் தண்ணீர் போலக் கிளி ஜன்னல் வழியே வெளியே போனது. கீழே அரக்கன் தன் உயிரைத் துரத்திக்கொண்டு ஓடினான். திரி எரிந்து தீர்வது போல அவன் குரல் சிறுத்துக்கொண்டே போயிற்று. நான் கதவில் கை வைத்தேன். அது திறந்துதான் இருந்தது.'

"எல்லாரும் ஏன் எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி நிக்கிறீங்க?" என்று முதலாளி கத்தினார். "யாராவது வாயைத் திறங்க!"

ஒற்றைத் தட்டச்சு இயந்திரத்தோடு இந்தத் தொழிலைத் தொடங்கியவர் அவர். புத்தகம் போடுவதோடு சரி, படிக்கிற பழக்கம் தனக்குக் கிடையாது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

வாயைத் திறந்தது அவருடைய தங்கை மகள். பதிப்பாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். "மாமா, பைலை அச்சுக்கு அனுப்பினது கட்டம்தான். அவனைக் கேளுங்க."

பக்க வடிவமைப்பாளனுக்கு அங்கே கட்டம் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிடுவான்.

"சத்தியமா நான் இல்ல சார்!"

எழுத்தாளர் புத்தகத்தை மூடினார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளியீடு. அதுக்குள்ள யார் பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா நான் மேடைக்கு வரமாட்டேன். அடுத்த புத்தகமும் இங்க கிடையாது."

"விடுங்கம்மா, ஒரு பக்கம்தானே..." என்றார் முதலாளி.

"ஒரு பக்கம்தானா?"

முதலாளி பின்வாங்கினார். தங்கை மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி," என்றார் முதலாளி. "அஞ்சு மணி வரைக்கும் பார்ப்போம். ஆள் தெரியலன்னா... பைலை அனுப்பினவன்தான் பொறுப்பு. கட்டம் நாளையிலேர்ந்து வர வேணாம்."

"சார்! போன வாரம்தான் பொண்ணு வீட்ல சரின்னு சொன்னாங்க. அதுவும் என்னைப் பாத்து இல்ல, வேலையைப் பாத்து!"

"இப்படித் திடீர்னு கத்து. கேட்டா மட்டும் துருப்பிடிச்ச தாழ்ப்பாள் மாதிரி நில்லு," என்று சீறினார் முதலாளி.

மூலையிலிருந்து ஒரு கை நீண்டது. "அந்தப் பக்கத்தை இங்க குடுங்க."

புரூஃப் அக்கா. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு வரியையும் பிழை பார்ப்பது அவள் வேலை. பேசுவது அவளுக்கு வேலையில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் எதிரே இருப்பவரைப் பார்த்தபடி சும்மா இருப்பாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிராளி இன்னும் நாலு வாக்கியம் சொல்லிவிடுவார். வீட்டில் வைத்த இடத்தில் சாவி இல்லையென்றாலும் அலுவலகத்தில் குடை காணாமல் போனாலும் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

அந்தப் பக்கத்தை அவள் மெதுவாகப் படித்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள் கடைசியில்.

எழுத்தாளருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

காலை பத்தேகால். கட்டத்தின் அறை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. கணினித் திரையின் ஓரத்தில் கடவுச்சொல் எழுதிய மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது.

"இதை யார் வேணா பாக்கலாமே?"

"மறந்துடும்க்கா. அதான் ஒட்டினேன்."

"பைல் எப்ப அனுப்பினே?"

"சனிக்கிழமை. வியாழக்கிழமை எழுத்தாளரம்மா எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டாங்க. கையெழுத்து ஆன பக்கத்தை நான் எதுக்குத் திரும்பப் பாக்கணும்?"

"நடுவுல வெள்ளிக்கிழமை இருக்கே."

"அன்னிக்கு மதியம் சாப்பிடப் போனேன். வர ரொம்ப நேரமாச்சு. பொண்ணு வீடு."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கட்டம் நெளிந்தான்.

"யார் வேணா உள்ள வந்திருக்கலாம்க்கா. ஆனா ஒண்ணு. வந்தது வேலை தெரிஞ்ச ஆள். புதுசா அடிச்சதும் பழசு இருந்த அதே இடத்துல கச்சிதமா உக்காந்திருக்கு பாருங்க. ஒரு வரி கூடல, குறையல. அதனாலதான எல்லாரும் என்னைச் சொல்றாங்க? முதலாளி என்னை என்னைக்கு விட்டாரு! சேர்ந்த அன்னிக்கே, 'மை காஞ்ச ரோலர் மாதிரி நகராதே'ன்னாரு. மறுநாள், 'மெஷின்ல சிக்கின பேப்பர் மாதிரி ஏன் கசங்கறே'ன்னாரு."

அக்கா மறுபடியும் சும்மா இருந்தாள்.

"புதன்கிழமை நீங்களும் அவரும் உக்காந்து வாசிச்சீங்களே, அதை இங்கேர்ந்து கேட்டே எனக்குத் தலைவலி."

அந்தப் பதிப்பகத்தில் அது ஒரு வழக்கம். கடைசி மெய்ப்பை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் மூலப்பிரதியோடு ஒப்பிட வேண்டும். நிறுத்தக்குறிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எப்போதும் வாசிப்பவள் தங்கை மகள். அந்த வாரம் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் முதலாளியே உட்கார்ந்து வாசித்தார்.

"'நான் கிளியைப் பார்த்தேன் கமா கிளி என்னைப் பார்த்தது முற்றுப்புள்ளி'," என்று கட்டம் முதலாளியின் குரலில் சொல்லிக் காட்டினான். "பஸ் ஸ்டாண்டு அறிவிப்புதான். நாள் முழுக்க கமா, புள்ளி, கமா, புள்ளி. திடீர்னு நின்னுது. அப்பாடா முடிஞ்சுதுன்னு உள்ள வந்தா, அவர் இன்னும் வாசிச்சிட்டுதான் இருந்தாரு."

"ம்," என்றாள் அக்கா. எழுந்து போனாள்.

ஓவியர் மாடியில் இருந்தார். புத்தகத்துக்குப் படம் போட்டவர். கேட்பதற்கு முன்பே ஒப்புதல் வாக்குமூலம் போல ஒன்றைச் சொன்னார்.

"என்னைத்தான் சந்தேகப்படுவீங்க. செத்த கிளியை வரைய மாட்டேன்னு சொன்னவன் நான். வெறும் கூண்டுதான் வரைஞ்சு குடுத்தேன்."

"ஏன் வரைய மாட்டேன்னீங்க?"

"ஆறு மாசமா அந்தக் கிளியை வரையறேன். மூக்கு வளைவு, கழுத்துப் பட்டை எல்லாம் எனக்குத் தூக்கத்துல வரும். கடைசியில கொன்னு போடுன்னா எப்படி?" கொஞ்சம் யோசித்தார். "ஆனா நான் வரையாம விட்டுட்டேன், அதோட என் கோபம் தீந்துபோச்சு. அதுக்கப்புறம் ஏன் எழுத்துல போய்க் கை வைக்கணும்?"

தங்கை மகளின் பதில் இன்னும் சுருக்கமாக இருந்தது. "முடிவை மாத்தலாம்னு நான் முதல்லயே கேட்டேன். எழுத்தாளர் முடியாதுன்னாங்க. விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ்லதான் இருந்தேன், மாமாவும் இருந்தார், ஓவியரும் இருந்தார். இதுக்கு மேல என்ன சொல்லணும் அக்கா? இப்படிப் பாக்காதீங்க, பயமா இருக்கு."

மதியம் பன்னிரண்டரை. எழுத்தாளர் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் எழுத்தாளர். "நான் யார்கிட்டயும் சொல்லாதது. இந்த நாவலுக்கு நானே ஒரு விதி வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணு அந்த அறையை விட்டு வெளிய போனதே இல்ல. ஜன்னல் கூட உயரத்துல. அவ கடலைப் பாத்ததில்ல, மரத்தைப் பாத்ததில்ல. அப்ப அவ ஒரு பொருளை எதோட ஒப்பிடுவா?"

"அறைக்குள்ள இருக்கறதோட."

"அவ்வளவுதான். கூண்டு, குடம், தானியம், உமி, விளக்கு, திரி, தாழ்ப்பாள், கயிறு, கல். புத்தகம் முழுக்க ஒரு உவமை கூட இதைத் தாண்டாது. அவ உலகம் எவ்வளவு சின்னதுன்னு நான் எங்கயுமே சொல்லல. உவமையே சொல்லிடும். வாசிக்கறவங்களுக்குக் காரணம் தெரியாம மூச்சு முட்டணும்."

"நான் கண்டுபிடிக்கல," என்றாள் அக்கா.

"ஒருத்தரும் கண்டுபிடிக்கல." எழுத்தாளர் கையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். "இதைப் பாருங்க. குடத்துத் தண்ணி. எரிஞ்சு தீர்ற திரி. என் விதி இதை எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரியும்?"

ஒரு லாரி போய், இன்னொரு லாரியும் போனது.

"தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல," என்றாள் அக்கா.

மதியம் இரண்டு மணி. கூட்ட மேஜையைச் சுற்றி நான்கு பேருக்கும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தாள் அக்கா. எழுத்தாளர் தள்ளி நின்றார்.

"அந்தப் பொண்ணுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையா கோபம் வருது. அவ அதை எப்படிச் சொல்லுவா? 'என் கோபம் எது மாதிரி இருந்தது' அப்படின்னு ஒரு வரி. அவளா இருந்து எழுதுங்க."

"இதென்ன, பரீட்சையா?" என்றார் ஓவியர்.

"ஆமா."

கட்டம் எழுதியது: 'என் கோபம் கடல் மாதிரி பொங்கியது.' எழுதிய உடனேயே தன் வரியைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டான்.

ஓவியர் எழுதியது: 'தண்ணீரில் விழுந்த ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் போல.'

தங்கை மகள் எழுதியது: 'காட்டுத்தீ போல என் கோபம் என்னைச் சுற்றி எரிந்தது.'

முதலாளியின் காகிதம் வெறுமையாக இருந்தது.

"மாமா?"

"எனக்கு எழுத வராது. நான் கதை படிக்கிற ஆளா? சத்தமா வாசிச்சேன், அவ்வளவுதான், காதுல ஏறல. என்னைப் போய் நாலு பேர் முன்னாடி உக்கார வெச்சு எழுது எழுதுன்னா, நெஞ்சுக்குள்ள யாரோ தானியம் கொறிக்கிற மாதிரி இருக்கு. நான் போறேன்."

"உக்காருங்க சார்," என்றாள் அக்கா. "நீங்க எழுதியாச்சு."

யாருக்கும் புரியவில்லை. அக்கா துண்டுக் காகிதங்களை மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"இந்தப் பொண்ணு அறைக்கு வெளிய எதையும் பாத்தவ இல்ல. அதனால அவளோட உவமை எல்லாம் அறைக்குள்ளயே இருக்கும். இது எழுத்தாளரம்மா வெச்சிருக்கற விதி. இங்க யாருக்கும் அது தெரியாது. எனக்கே மதியம்தான் தெரியும். கட்டம் கடலுக்குப் போயிட்டான். ஓவியர் அவர் சாயத்துக்குப் போயிட்டார். நீ காட்டுக்கே போயிட்டே."

"ஏன், கட்டம் வேணும்னே தப்பா எழுதியிருக்கலாம்ல?" என்றாள் தங்கை மகள்.

"ஒரு விதி இருக்குன்னு தெரிஞ்சாதானே வேணும்னே மீற முடியும்? புது முடிவை எழுதினவருக்கும் விதி தெரியாது. ஆனா ஒரு தடவை கூட மீறல. அவர் அதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கல. அது அவர் வாய்ல ஒட்டிக்கிட்டது. நாள் முழுக்க அவ பேச்சை அவ வார்த்தையிலேயே சத்தமா பேசினவருக்கு அப்படி ஒட்டும்."

கட்டத்தின் கண்கள் மெல்ல விரிந்தன.

"மை காஞ்ச ரோலர், சிக்கின பேப்பர்," என்றாள் அக்கா. "முதலாளி திட்டினா அச்சகமே வெளிய வரும். எத்தனை வருஷமா கேக்கறோம்? இன்னிக்குக் காலையிலேர்ந்து கேட்டுப் பாருங்க. எண்ணெய் தீர்ந்த விளக்கு. துருப்பிடிச்ச தாழ்ப்பாள். இப்ப நெஞ்சுக்குள்ள தானியம் கொறிக்கிறது. இந்தக் கட்டடத்துல எங்க சார் தாழ்ப்பாள் இருக்கு? எல்லாம் கண்ணாடிக் கதவு."

முதலாளி கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.

"அது மட்டும் போதாதே," என்றார் ஓவியர். நியாயமான மனிதர்.

"போதாது. புதன்கிழமை நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். என் கண்ணு மூலப்பிரதியில இருந்துது, அதனால எனக்கு அப்ப உறைக்கல. கட்டம்தான் தடுப்புக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டிருக்கான். காலையிலேர்ந்து ஒரு கமா விடாம சொன்னவர், கடைசிப் பக்கத்துல ஒண்ணு கூட சொல்லல. வாசிப்பு மட்டும் நிக்கல. காதுல ஏறாதவர் நிறுத்தக்குறியை மறக்க மாட்டார். கதைக்குள்ள போனவர்தான் மறப்பார். தட்டச்சுல ஆரம்பிச்ச கை அது, இருக்கற இடத்துல வரியை உக்கார வெக்கவும் தெரியும். கடவுச்சொல் திரை ஓரத்துலயே ஒட்டியிருக்கு. வெள்ளிக்கிழமை கட்டம் பொண்ணு வீட்ல. கிளியைத் திறந்துவிட்டது நீங்கதான் சார்."

அக்காவுக்கு அவசரமே இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது அவளை நம்பி கையில வந்து உக்காந்துது," என்றார் முதலாளி. குரல் உள்ளே போயிருந்தது. "பதினாறு வருஷமா தீனி போட்ட கை. அதே கையால... அதை நான் என் வாயால வாசிச்சேன். ரெண்டு ராத்திரி தூங்கல. கிளி என்ன பாவம் பண்ணுச்சு? அரக்கன்தானே தன்னோட உயிரைக் கொண்டுபோய் அதுக்குள்ள ஒளிச்சு வெச்சான்?"

"மாமா, நீங்களா? நீங்க படிக்கவே மாட்டீங்களே!"

"வெளிய சொல்லிடாதே."

"சார்," என்றான் கட்டம். அவன் குரல்தான் எல்லோருடையதையும் விட மெதுவாக இருந்தது. "என்னை அனுப்பியிருப்பீங்களா?"

"இல்லப்பா. அஞ்சு மணிக்குள்ள சொல்லியிருப்பேன்."

"காலையில ஏன் சொல்லல?"

முதலாளி எழுத்தாளர் இருந்த பக்கம் பார்க்காமலே கையைக் காட்டினார். "அவங்க முகத்தைப் பாத்தேன். பயந்துட்டேன். தப்புதான். உன்னைச் சொன்னது பெரிய தப்பு."

எழுத்தாளர் மேஜை அருகே வந்தார். அவர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார்.

"கிளி சாகணும் சார். அவ வெளிய போறதுக்கு ஒரு விலை இருக்கு, அதை அவதான் குடுக்கணும். நான் அதை மாத்த மாட்டேன்."

"சரிம்மா."

"ஆனா இந்தக் கடைசி வரி. 'அது திறந்துதான் இருந்தது.' இது எனக்குத் தோணல." புத்தகத்தை மூடினார். "எத்தனை விமர்சனம் வந்தாலும் என் உவமையெல்லாம் ஒருத்தர் வாய்ல ஒட்டிக்கிச்சுன்னு யாரும் எழுதப் போறதில்ல. கடைசித் தாளுக்குப் பின்பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல, வெறும் வெள்ளை," என்றான் கட்டம்.

"அப்ப அந்தத் தாளை மட்டும் புதுசா அடிங்க. முன்பக்கம் என்னோடது. பின்பக்கம், 'இந்தக் கதையைச் சத்தமாக வாசித்த ஒருவர் இதை இப்படி முடித்தார்'னு போட்டு, அவரோடது. பழைய தாளை வெட்டிட்டு இதை ஒட்டணும். இன்னிக்கு மேடைக்கு எத்தனை முடியுமோ அத்தனை. மத்ததை நாளைக்கு ஒட்டிக்கலாம்."

தங்கை மகள் கத்தரிக்கோலைத் தேடி ஓடினாள். ஓவியர் பசை டப்பாவோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புரூஃப் அக்கா கட்டுகளைப் பிரித்து, பிரதிகளைத் தரையில் அடுக்கத் தொடங்கினாள்.

மாலை மூன்றேகால். கட்டம் தன் அறையிலிருந்து அச்செடுத்த தாளோடு வந்தான். திரை ஓரத்து மஞ்சள் காகிதம் காணாமல் போயிருந்ததை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சார், கையெழுத்து."

"அதெல்லாம் எதுக்குப்பா, நேரமாகுது. அடி, அடி."

"கையெழுத்து இல்லாம நான் எதையும் அனுப்பறதா இல்ல சார். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. அவர் தாளை வாங்கி, சட்டென்று பின்பக்கம் திருப்பி, தன் முடிவைப் படித்தார். உதடு லேசாக அசைந்தது. முகம் மலர்ந்து, அடியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

கட்டம் வாங்கிக்கொள்ளவில்லை. தாளை அவர் கையிலேயே, கிளி சாகிற முன்பக்கத்துக்குத் திருப்பி, ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டான்.

"இதையும் சார். மெதுவாவே படிங்க, நான் நிக்கறேன்."